அக்குபஞ்சர் மூளைல என்ன பண்ணுதுன்னு ஆராய எந்த வழி நமக்கு சரி? எஃப்எம்ஆர்ஐயா, ஈஈஜியா, மத்ததா

கீழக்கரைல இருந்து பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த டிகிரி) படிக்கப் போன ஒரு தங்கச்சி, ராமநாதபுரத்துல இருந்து பிசியோதெரபி மாஸ்டர்ஸ் பண்ற ஒரு தம்பி, மண்டபம் பக்கம் எம்எஸ்சி சைக்காலஜி படிக்கிற இன்னொருத்தர், இவங்க மூணு பேரும் தனித்தனியா கேட்டாலும் கேள்வி ஒண்ணுதான். அக்குபஞ்சர் ஊசி போட்டா மூளைல என்ன நடக்குதுன்னு தீசிஸ் பண்ணணும், எந்த மெஷின்ல பண்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருக்கோம், கைடும் நீயே முடிவு பண்ணிட்டு வான்னு சொல்லிட்டார். எல்லாருக்கும் ஆசை எஃப்எம்ஆர்ஐ மேலதான், மூளைல ரத்த ஓட்டம் மாறுறத காந்த ஸ்கேனர்ல பாக்குற வழி. கலர் கலரா மூளைப் படம் வரும், வைவால காட்டுனா மதிப்பா இருக்கும்ல.

நான் மூளை சிக்னல் வேலைல இருக்கிறவன், சொந்த ஊரும் இதே கடற்கரைதான், அதனால இந்த ஊரோட வெக்கை, மீன்பிடி நாள் கணக்கு, மதுரைக்குப் போற பஸ் நேரம் எல்லாத்தையும் சேர்த்தே சொல்றேன். என் முடிவ இப்பவே சொல்லிடுறேன். பெரிய கிராண்ட் இல்லாம, ஒன்றரை வருஷத்துக்குள்ள தீசிஸ் முடிக்கணும்னா ஈஈஜி (தலைமேல இருந்து மூளையோட மின் அலைய எழுதுறது) எடுங்க, அதுவும் ஊசிக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவைன்னு எடுக்கிற ஈஈஜி. ஆனா சில கேள்விக்கு ஈஈஜி பதிலே சொல்லாது, அப்போ வேற வழிக்குத்தான் போகணும், எப்போ எதுக்குப் போகணும்னு கீழ விவரமா எழுதியிருக்கேன்.

எதை வெச்சு எடை போடுறது

முதல் விஷயம் உங்க கேள்வி. மூளைல *எந்த இடம்* மாறுதுன்னு கேக்குறீங்களா, *எவ்வளவு வேகமா, எந்த வரிசைல* மாறுதுன்னா, இல்ல *எந்த ரசாயனம்* வேலை செய்யுதுன்னா? இந்த மூணுக்கும் மூணு வேற மெஷின், ஒரே மெஷின்ல மூணும் கிடைக்காது. பாதி பேர் மெஷின மொதல்ல புடிச்சிட்டு அதுக்கேத்த கேள்விய அப்புறமா தேடுறாங்க, அங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது.

ரெண்டாவது, ஊசியும் மெஷினும் ஒத்துப்போகுமா. மூணாவது, போலி ஊசி குரூப் (நிஜ ஊசி மாதிரியே தெரியிற போலிய போட்டு ஒப்பிட்டுப் பாக்குற குரூப்) வெக்க அந்த வழில இடம் இருக்கா. இதுதான் எல்லாத்துலயும் பெரிய விஷயம்னு நான் நெனைக்கிறதால தனியா ஒரு பகுதியே எழுதியிருக்கேன். நாலாவது, ஆளுங்க கிடைப்பாங்களா, நம்ம ஊர்ல இருந்து போய் வர முடியுமா, ஒரு நாள் கூலிய விட்டுட்டு வர்றவங்களுக்கு என்ன குடுக்கப் போறீங்க. அஞ்சாவது காசு, அப்புறம் அனாலிசிஸ் கத்துக்கிற காலம், இத யாரும் கணக்குல சேர்க்குறதே இல்ல.

| வழி | எதுக்கு நல்லது | எதுல சறுக்கும் | ஊசியோட பிரச்சினை | நம்ம ஊர்ல இருந்து |
|---|---|---|---|---|
| எஃப்எம்ஆர்ஐ | இடம், 2–3 மில்லிமீட்டர் வரை, ஆழமான பகுதியும் தெரியும் | நேரம், சிக்னல் சில செகண்ட் தாமதமா வரும் | சாதா ஸ்டீல் ஊசி உள்ள போகக் கூடாது | பெரிய ஊருக்குப் போகணும், செலவு அதிகம் |
| ஈஈஜி | நேரம், மில்லிசெகண்ட் கணக்குல | ஆழமான இடம் சரியா தெரியாது | ஊசில கரண்ட் குடுத்தா சிக்னல்ல கலந்துடும் | இங்கயே பண்ணலாம் |
| என்ஐஆர்எஸ் (வெளிச்சம் விட்டு ரத்த ஆக்சிஜன பாக்குறது) | நெத்திப் பக்க மேல்பரப்பு, ஆள் அசைஞ்சாலும் தாங்கும் | ரெண்டு சென்டிமீட்டருக்குக் கீழ ஒண்ணும் தெரியாது | இல்லைன்னே சொல்லலாம் | மெஷின் கிடைக்கிறதுதான் கஷ்டம் |
| பெட் (கதிரியக்க மருந்து குடுத்து எடுக்கிற ஸ்கேன்) | ரசாயனம், அது போய் ஒட்டுற ரிசெப்டர் | காசு, கதிர்வீச்சு | இல்ல | மாணவர்களுக்கு நடக்காது |
| ரிவ்யூ (வந்த பேப்பர்கள முறையா தேடி அலசுறது) | முன்னாடி வந்ததெல்லாம் எவ்வளவு உறுதின்னு பாக்க | புது டேட்டா இருக்காது | இல்ல | வீட்டுல இருந்தே பண்ணலாம் |

எஃப்எம்ஆர்ஐ: ஆசை நியாயம்தான், ஆனா மறைஞ்சிருக்கிற செலவு நிறைய

மூளைல வேலை நடக்கிற இடத்துக்கு ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலா ஓடும், அந்த ரத்தத்தோட காந்தத் தன்மை மாறுறத மெஷின் புடிக்குது. 1990ல செய்ஜி ஒகாவா குழு காட்டுன விஷயம் இது. மூளை செல் சிக்னல் விட்ட அடுத்த நொடியே ரத்தம் வந்துடாது, உச்சத்துக்கு வர அஞ்சு ஆறு செகண்ட் ஆகும். அதனால இடம் தெளிவா கிடைக்கும், நேரம் கிடைக்காது.

அக்குபஞ்சர்ல இதோட பலம் என்னன்னு புரிய ரெண்டு ஆராய்ச்சி போதும். 2000ல கேத்லீன் ஹுயி குழு கைல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற ஹெகு புள்ளில ஊசி போட்டு 13 பேர ஸ்கேன் பண்ணாங்க. ஊசி போட்ட இடத்துல கனமா, இழுக்குற மாதிரி, மந்தமா ஒரு உணர்வு வரும்ல, அத தேச்சின்னு சொல்லுவாங்க, அது வந்த 11 பேருக்கு அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் மாதிரி உணர்ச்சி, ஞாபகத்தோட சம்பந்தப்பட்ட ஆழமான பகுதில சிக்னல் *குறைஞ்சது*. சுருக்குன்னு வலிச்ச மத்த ரெண்டு பேருக்கு கூடுச்சு. அதே ஊசி, அதே புள்ளி, ஆள் என்ன உணர்ந்தாங்கன்றத பொறுத்து படம் தலைகீழ். அதனால எந்த வழி எடுத்தாலும் ஒவ்வொரு ஊசிக்கு அப்புறமும் என்ன உணர்வுன்னு கேட்டு எழுதிடுங்க, இதுக்கு பத்து பைசா செலவு இல்ல.

ரெண்டாவது 2017ல ஹார்வர்டு பக்கம் நாபடோ குழு பண்ணது, கார்பல் டனல் சின்ட்ரோம் இருக்கிற 80 பேர், மணிக்கட்டுல நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போறது. நம்ம ஊர்ல வலை பின்னி வலை சரிபாத்து கை மரத்துப்போகுதுன்னு சொல்ற பெரியவங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும், அதனால இந்த பேப்பர நிதானமா படிங்க. மூளைல ரெண்டாவது விரலுக்கும் மூணாவது விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு, இந்த நோய்ல அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி மங்கிப்போயிடுது. நிஜ ஊசி, போலி ஊசி ரெண்டு குரூப்லயுமே கை பரவாயில்லன்னு சொன்னாங்க. ஆனா நரம்பு ஓடுற வேகம் நல்லா ஆனதும், மூளைல அந்த ரெண்டு விரல் இடமும் திரும்ப விலகுனதும் நிஜ ஊசி குரூப்லதான், அப்படி விலகுனது மூணு மாசம் கழிச்சு யாருக்கு நல்லா இருக்கும்னு முன்கூட்டியே சொல்லவும் செஞ்சது. வாய்ல கேட்டா ஒரே பதில், மூளைய பாத்தா வேற பதில். இந்த மாதிரி கேள்விக்கு எஃப்எம்ஆர்ஐ இல்லாம முடியாது, அத மனசார ஒத்துக்கிறேன்.

இப்போ மறைஞ்சிருக்கிற செலவு. கடைல வாங்குற சாதா ஸ்டீல் ஊசிய காந்தத்துக்குள்ள கொண்டுபோகக் கூடாது, இழுபடலாம், சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். காந்தம் இழுக்காத உலோகத்துல செஞ்ச ஊசி வேணும், வெலை ஜாஸ்தி. இதுக்கு ஒரு நல்ல சுத்துவழி இருக்கு, வெளி ரூம்ல ஊசி போட்டு எடுத்துட்டு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆள சும்மா படுக்கவெச்சு ஸ்கேன் எடுக்கிறது. ரெஸ்டிங் ஸ்டேட்னு சொல்லுவாங்க. 2008ல டாண்ட் குழு முன்னும் பின்னும் எடுத்துப் பாத்து, நிஜ ஊசிக்கு அப்புறம் ஓய்வா இருக்கும்போது வேலை செய்ற மூளைப் பகுதிகளுக்குள்ள தொடர்பு கூடுறத காட்டுனாங்க. ஸ்கேனருக்குள்ளயே ஊசிய முப்பது செகண்ட் சுத்து, முப்பது செகண்ட் விடுன்னு பண்ற டிசைன்ல இன்னொரு தலைவலி என்னன்னா, விட்டவுடனே மூளை பழைய நிலைக்கு வந்துடும்னு அந்தக் கணக்கு நம்புது, ஊசியோட விளைவோ மெதுவா ஏறி ரொம்ப நேரம் நிக்கும், ஓய்வுன்னு நீங்க எழுதி வெக்கிற நேரத்துல ஓய்வே இருக்காது.

அடுத்தது ஆளுங்க. விசைப்படகு எஞ்சின் வேலை, வெல்டிங், கிரைண்டிங் பண்றவங்க கண்ணுல நுணுக்கமான இரும்புத் துகள் இருக்க வாய்ப்பு உண்டு, காந்தத்துக்குள்ள அது நகர்ந்தா கண்ணே போயிடலாம், அதனால சந்தேகம் இருந்தா கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்பணும். கைல தூண்டில் முள் உடைஞ்சு உள்ளயே இருக்கிறவங்களையும் நம்ம பக்கம் கேட்டுக்கணும், படிவத்துல *உலோகம் இருக்கா*ன்னு மட்டும் போட்டா இல்லைன்னு டிக் அடிச்சிட்டுப் போயிடுவாங்க, வேலை என்ன, காயம் என்னன்னு உக்காந்து பேசிக் கேளுங்க.

காசு. ஆராய்ச்சிக்கு ஒரு ஸ்கேன் 5,000 ரூபான்னே வெச்சுக்குவோம், 30 பேர், நிஜ ஊசிக்கு ஒரு நாள் போலி ஊசிக்கு ஒரு நாள்னா 60 ஸ்கேன், 3 லட்சம் ஆச்சு. அதுக்கு மேல மதுரை போக வர பஸ், சாப்பாடு, போன கூலி. ஆளுங்கள குறைச்சு பத்து பன்னெண்டு பேர்ல முடிச்சிடலாம்னு தோணும், அப்படி பண்ண பேப்பர்கள்தான் இந்தத் துறைய கெடுத்து வெச்சிருக்கு.

அனாலிசிஸ் பத்தி ஒரே ஒரு கதை, மீன் தெரிஞ்ச ஊருக்கு சொல்ல வேண்டிய கதை. 2009ல கிரெய்க் பென்னெட்டும் கூட்டாளிகளும் செத்த சால்மன் மீன் ஒண்ண ஸ்கேனர்ல வெச்சு, மனுஷங்க படத்த அதுக்குக் காட்டி, வழக்கமான கணக்க திருத்தம் எதுவும் பண்ணாம ஓட்டுனாங்க. செத்த மீன் மூளைல வேலை நடக்குற மாதிரி புள்ளி எரிஞ்சுது. மூளைப் படத்துல பல ஆயிரம் புள்ளிய ஒரே நேரத்துல சோதிக்கிறோம், எதேச்சையா சிலது எரியத்தான் செய்யும், அதுக்கான திருத்தம் போடலைன்னா உங்க அக்குபஞ்சர் படமும் அந்த மீன் படமும் ஒண்ணுதான். இத முறையா கத்துக்க ஆறு மாசமாவது வேணும்.

*எப்போ இது சரி:* ஆழமான பகுதி பத்திதான் கேள்வின்னா, பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி ஏற்கனவே எஃப்எம்ஆர்ஐ பண்ற இடத்துல கூட்டு கிடைச்சா, பிஎச்டி அளவுக்கு காலம் இருந்தா.

ஈஈஜி: நம்ம ஊருக்கு ஏத்தது, ஆனா சுலபம்னு நெனச்சு இறங்காதீங்க

ஹான்ஸ் பெர்கர் 1924ல மனுஷன் தலைல இருந்து முதல்முதலா எடுத்தார், 1929ல வெளியிட்டார், நூறு வருஷம் தாண்டின வழி. தலைமேல எலெக்ட்ரோட் வெச்சு மூளையோட மின் அலைய எழுதுறது. மில்லிசெகண்ட் மாற்றம் கூட தெரியும், ஆனா எந்த ஆழத்துல இருந்து வருதுன்னு கேட்டா மழுப்பலான பதில்தான் கிடைக்கும். அமிக்டலா பத்தி ஈஈஜில பேசுறேன்னு சொன்னா எக்ஸாமினர் விடமாட்டார்.

பலம் என்னன்னா மெஷின் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. நரம்பியல் பாக்குற ஆஸ்பத்திரில ஈஈஜி இருக்கும், மெடிக்கல் காலேஜ் பிசியாலஜி டிபார்ட்மெண்ட்ல கேட்டுப் பாருங்க, ராமநாதபுரத்துலயே 2022 ஜனவரில அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு, எல்லாத்துக்கும் மதுரைக்கு ஓடணும்ன்ற காலம் இல்ல. அனாலிசிஸ் பண்ண எம்என்இ பைத்தான் மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு, சாதா லேப்டாப் போதும். ஒரே ஆள பல தடவை எடுக்கலாம், செலவு ஏறாது, அதனால ஆளுங்க எண்ணிக்கைய தைரியமா கூட்டலாம்.

இப்போ இந்த ஊரோட சிக்கல். நம்ம தலைல எண்ணெய் இல்லாம ஆள பாக்குறது கஷ்டம், எண்ணெய் இருந்தா எலெக்ட்ரோட் ஒட்டாது. முந்தின நாளே போன் பண்ணி நாளைக்கு காலைல தலைக்கு ஷாம்பு போட்டு குளிச்சிட்டு எண்ணெய் வெக்காம வாங்கன்னு சொல்லணும், பாட்டி வயசு ஆளுங்ககிட்ட மகள் மூலமா சொன்னா நல்லா கேப்பாங்க. அடுத்தது வேர்வை, கடற்கரை ஈரக்காத்துல தலை வேர்த்தா சிக்னல் மெதுவா மேலயும் கீழயும் அலையும், ஒரு ஹெர்ட்ஸுக்குக் (செகண்டுக்கு ஒரு அலை) கீழ இருக்கிற எதையும் நம்ப முடியாது. ஏசி ரூம் வேணும்னு கண்டிப்பா கேளுங்க, ஃபேன் காத்து போதாது, ஃபேன் மோட்டாரும் சுவத்து வயரும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல வேற உள்ள தள்ளும்.

ஊசி போடும்போதே எடுக்கலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் வேணாம்னுதான் சொல்லுவேன். ஊசி தோலுக்குள்ள போறப்போ ஆள் பல்ல கடிக்கிறாங்க, நெத்திய சுருக்குறாங்க, அந்த தசை மின்சாரம் 20 ஹெர்ட்ஸுக்கு மேல முழுசா கலந்துடும், வேகமான மூளை அலைகளான பீட்டா கூடிடுச்சு காமா கூடிடுச்சுன்னு எழுதுற பல பேர் உண்மைல தாடைய அளந்திருக்காங்க. ஊசில கரண்ட் குடுக்குற முறைன்னா இன்னும் மோசம், 2 ஹெர்ட்ஸ் குடுத்தா அது மெதுவான மூளை அலையான டெல்டா இருக்கிற இடத்துலயே வந்து உக்காரும். முன்னாடி பத்து நிமிஷம், ஊசிய எடுத்ததுக்கு அப்புறம் பத்து நிமிஷம், கண்ண மூடி ஒண்ணு கண்ண திறந்து ஒண்ணு, இது போதும்.

இன்னொரு பொறி இருக்கு, தூக்கம். 20 நிமிஷம் ஏசி ரூம்ல படுக்கவெச்சா ஊசி இருந்தாலும் இல்லைன்னாலும் மனுஷன் சொக்குவான், ஓய்வா முழிச்சிருக்கும்போது வர்ற ஆல்ஃபா அலை குறையும், தூக்கக் கலக்கத்துல வர்ற தீட்டா அலை கூடும், நீங்க அத அக்குபஞ்சர் விளைவுன்னு எழுதிடுவீங்க. அதனால போலி ஊசி குரூப்பும் அதே ரூம்ல அதே 20 நிமிஷம் படுத்தே ஆகணும். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனின்னு போறவங்க ராத்திரி முழுக்க வலை இழுத்துட்டு மறுநாள் காலைல கரைக்கு வர்றாங்க, அப்படி வந்தவங்கள அன்னைக்கே கூப்பிட்டா நீங்க அளக்குறது தூக்கக் கடன். கடலுக்குப் போகாத நாளுக்கு மறுநாள் கூப்பிடுங்க, இல்ல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் இருக்கிற 61 நாள் தடைக்காலத்துல மொத்தமா எடுத்து முடிங்க, எல்லாரும் கரைல இருப்பாங்க, ராத்திரி தூக்கமும் ஓரளவு சீரா இருக்கும். வருமானம் இல்லாத காலம், அதனால குடுக்கிற படிய சரியா குடுங்க. பாசி எடுக்கிற பெண்கள சேர்க்குறதா இருந்தா அமாவாசை பௌர்ணமி ஒட்டின நாள தவிர்த்துடுங்க, அவங்க கடலுக்குப் போற நாளே அதுதான், அந்த நாள எடுத்துக்கிட்டா அவங்க சோத்துல கை வெக்கிறதா அர்த்தம்.

ஈஈஜியோட தம்பி மாதிரி ஒண்ணு இருக்கு, அத யாரும் யோசிக்கிறது இல்ல. மணிக்கட்டு நரம்புல சின்ன கரண்ட் குடுத்தா சுமாரா 20 மில்லிசெகண்ட்ல மூளையோட தொடு உணர்வுப் பகுதில ஒரு அலை எழும்பும், எஸ்எஸ்இபின்னு சொல்லுவாங்க, நரம்பு வேகம் பாக்குற மெஷின் பலதுலயே இத எடுக்கலாம். வலை பின்னுறவங்க கை மரத்துப்போறதுல அக்குபஞ்சருக்கு முன்னாடி பின்னாடி நரம்பு வேகமும் இந்த அலையும் எப்படி மாறுதுன்னு பாத்தா, மேல சொன்ன 2017 ஆராய்ச்சிய ஒட்டின, நம்ம மண்ணுல கேக்க வேண்டிய, சின்ன பட்ஜெட்ல முடியிற கேள்வி கிடைக்குது. எனக்கு இந்தக் கேள்வி மேல தனியா ஒரு பிரியம் உண்டு, யாராவது எடுத்துப் பண்ணுங்க.

*எப்போ இது சரி:* ஓய்வு நிலை, வலி, தூக்கம், தொடு உணர்வு பத்தின கேள்வின்னா, ஒன்றரை வருஷத்துக்குள்ள முடிக்கணும்னா, ஆளுங்க நிறைய வேணும்னா.

என்ஐஆர்எஸ்

தலைக்குள்ள சிவப்புக்கு அப்பால இருக்கிற வெளிச்சத்த விட்டு, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு கூடுது குறையுதுன்னு பாக்குறது. எஃப்எம்ஆர்ஐ அளக்குற அதே ரத்த மாற்றம், ஆனா மேல ஒண்ணரை ரெண்டு சென்டிமீட்டர் மட்டும்தான். ஆள் உக்காந்துக்கலாம், சத்தம் இல்ல, சாதா ஊசியே போடலாம், கரண்ட் ஊசியும் இத கெடுக்காது. நல்ல வழிதான். ஆனா அடர்த்தியான கருப்பு முடி வெளிச்சத்த குடிச்சிடும், நம்ம ஆளுங்களுக்கு நெத்திய தவிர வேற இடத்துல நல்ல சிக்னல் எடுக்க ஒவ்வொரு முடியா விலக்கிக்கிட்டு உக்காந்திருக்கணும், அதனால நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதிதான் உங்க கேள்வின்னா மட்டும் பாருங்க. தோல்ல ஓடுற ரத்தமும் சிக்னல்ல கலக்கும், ஊசிக்கு வேர்த்து நெத்தி சிவந்தாலே மூளை வேலை செஞ்ச மாதிரி தெரியும், அத கழிக்கிறதுக்கு கிட்டக்க வெக்கிற குட்டை சேனல் உள்ள மெஷின்தானான்னு மொதல்லயே கேட்டுக்கோங்க.

பெட்

ரசாயனம் பத்தின கேள்விக்கு இதுதான் நேரடியான வழி, அதனால அழகான வழியும் கூட. 1977லயே மேயரும் கூட்டாளிகளும் ஓபியாய்ட (மார்ஃபின் மாதிரி வலி குறைக்கிற ரசாயனம்) தடுக்கிற நலாக்சோன்ற மருந்து குடுத்தா ஊசியோட வலி குறைப்பு தடைபடுதுன்னு காட்டி, உடம்போட சொந்த ஓபியாய்டு இதுல இருக்குன்னு ஒரு துப்பு குடுத்தாங்க. பெய்ஜிங்ல ஹான் ஜிஷெங் குழு 2 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு என்கெஃபாலினும் பீட்டா எண்டார்ஃபினும், 100 ஹெர்ட்ஸுக்கு டைனார்ஃபினும் வருதுன்னு காட்டுனாங்க, இதெல்லாமே உடம்பு செய்ற ஓபியாய்டு வகைகள்தான். 2009ல மிச்சிகன்ல ரிச்சர்ட் ஹாரிஸ் குழு ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நாள்பட்ட வலி) இருக்கிற 20 பெண்கள பெட்ல பாத்தப்போ நிஜ ஊசிக்கு ஓபியாய்டு ரிசெப்டர் ஒட்டும் தன்மை கூடுச்சு, போலி ஊசிக்கு அப்படி இல்ல, ஆனா வலி ரெண்டு குரூப்லயும் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைஞ்சது.

ஆனா அதுக்கு வேணும்ற கார்பன் 11ன்ற கதிரியக்க மருந்து 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாயிடும். ராமநாதபுரம் மதுரை தூரத்த கார்ல கடக்குற ரெண்டு மணி நேரத்துல 64ல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும், அதனால மருந்து செய்ற சைக்ளோட்ரான் பக்கத்துலயே ஸ்கேனர் இருந்தாகணும். நல்லா இருக்கிற ஆளுக்கு கதிர்வீச்சு குடுக்க எதிக்ஸ் கமிட்டிகிட்ட பலமான காரணமும் வேணும். மாஸ்டர்ஸ் மாணவர்கள் இத படிச்சு எழுத எடுத்துக்கோங்க, செய்ய எடுக்காதீங்க.

ரிவ்யூ: புது டேட்டா இல்லைன்னு தள்ளிவிடாதீங்க

ஆறு மாசம்தான் இருக்கு, காசு இல்ல, மெஷின் இல்லைன்னா முறையான ரிவ்யூ பண்ணுங்க. இந்தத் துறைக்கு இப்போ இன்னொரு சின்ன எஃப்எம்ஆர்ஐய விட நேர்மையான ரிவ்யூ அதிகமா தேவைன்னு நான் நம்புறேன். காரணம் இருக்கு. 1998ல பிஎன்ஏஎஸ்ன்ற பெரிய அமெரிக்க அறிவியல் இதழ்ல ஒரு பேப்பர் வந்துச்சு, கால் சுண்டுவிரல் ஓரத்துல இருக்கிற பிஎல் 67 புள்ளி கண் நோய்க்குன்னு சொல்ற புள்ளி, அத தூண்டுனா மூளைல பார்வைப் பகுதி வேலை செய்யுதுன்னு. உலகம் பூரா மேற்கோள் காட்டுனாங்க, இன்னைக்கும் நம்ம ஊர்ல அக்குபஞ்சர் கிளாஸ்ல அந்தப் படத்த காட்டுறாங்க. 2006ல அத எழுதுனவங்கள்ல பலரே புள்ளிக்கும் மூளைப் பகுதிக்கும் அப்படி தனிப்பட்ட தொடர்பு இருக்குன்ற முடிவ இனி ஏத்துக்கலைன்னு வாபஸ் வாங்கிட்டாங்க. வாபஸ் வாங்குனது யாருக்கும் தெரியல. மனுஷங்க அத நம்பி கண்ணுக்குப் பாக்க வேண்டிய டாக்டர பாக்காம இருந்துடக் கூடாதுன்னுதான் இத எங்க போனாலும் சொல்லிட்டு இருக்கேன்.

மறைஞ்ச செலவு, ரிவ்யூ தனியாளா பண்ண முடியாது, பேப்பர் தேர்ந்தெடுக்க ரெண்டு பேர் தனித்தனியா பாக்கணும், அதனால கூட்டாளி ஒருத்தர மொதல்ல தேடுங்க. சீன மொழில வந்த பேப்பர் நிறைய இருக்கும், அத விட்டா விட்டேன்னு வெளிப்படையா எழுதணும். ரிவ்யூ திட்டங்கள பதியிற ப்ராஸ்பெரோ தளத்துல ஆரம்பத்துலயே பதிஞ்சிடுங்க.

எந்த வழி எடுத்தாலும் விடாத செலவு: போலி ஊசி

2007ல ஜெர்மனில 1,162 முதுகுவலிக்காரங்கள வெச்சு பண்ண ஜெராக் ஆராய்ச்சில நிஜ அக்குபஞ்சருக்கு 47.6 சதவீதம் பேருக்கு பலன், போலி ஊசிக்கு 44.2, வழக்கமான வைத்தியத்துக்கு 27.4. இந்த மூணு எண்ணயும் ஒண்ணா வெச்சுப் பாருங்க. போலி குரூப் இல்லாம நிஜ ஊசி எதிர் ஒண்ணும் பண்ணாததுன்னு நீங்க ஒரு மூளை ஆராய்ச்சி பண்ணா, படுத்தது, தொட்டது, கவனிச்சது, நம்பினது எல்லாம் சேர்ந்த விளைவ ஊசி மேல எழுதிடுவீங்க. எதிர்பார்ப்பே மூளை சிக்னல மாத்தும்.

போலி ஊசிக்கு 1998ல ஸ்ட்ரைட்பெர்கர் செஞ்ச வகை இருக்கு, முனை மழுங்கி, தோல்ல அழுத்துனா மேஜிக் கத்தி மாதிரி கைப்பிடிக்குள்ள போயிடும், ஆளுக்கு உள்ள போன மாதிரியே இருக்கும். ஆனா தோல்ல தொடுறதும் மூளைக்கு ஒரு செய்திதான், அதனால அது முழுசா வெறும் பூஜ்ஜியம் ஆகாது.

தமிழ்நாட்டுக்குன்னு இதுல தனி சிக்கல் ஒண்ணு இருக்கு, வெளிநாட்டு பேப்பர்ல இத பாக்க மாட்டீங்க. நம்ம பக்கம் அக்குபஞ்சர்னாலே பல பேருக்கு ஊசி ஞாபகம் வராது, அக்கு ஹீலர் நாடி புடிச்சு விரலால ஒரு புள்ளிய தொட்டு விடுவார், அதுதான் ஞாபகம் வரும். அப்படி தொடு சிகிச்சை எடுத்துப் பழகின ஆளுக்கு நீங்க போலின்னு நெனச்சு தொடுறதே முழு வைத்தியம், அவங்க நம்பிக்கை ரெண்டு குரூப்லயும் ஒண்ணா இருக்கும், ஏன் ஊசி குரூப்ப விட அங்க கூடவே இருக்கலாம். அதனால ஆள் சேர்க்கும்போதே மூணு கேள்வி போடுங்க: இதுக்கு முன்னாடி அக்குபஞ்சர் எடுத்திருக்கீங்களா, ஊசியா தொடுறதா, வர்மம் எடுத்திருக்கீங்களா. முடிஞ்சா ரெண்டுமே எடுக்காதவங்கள மட்டும் சேருங்க. ஆரம்பத்துல எவ்வளவு நம்பிக்கைன்னு பத்துக்கு மார்க் கேளுங்க, முடிவுல உங்களுக்கு போட்டது நிஜமா போலியான்னு கேட்டு எழுதுங்க. இதெல்லாம் ஒரு பக்க படிவம், செலவே இல்ல, ஆனா இது இல்லாத தீசிஸ யாரும் நம்ப மாட்டாங்க.

ஊசி போடுறவர் தகுதி உள்ளவரா இருக்கணும், ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற ஊசிதான் எடுக்கணும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்கள சேர்க்காதீங்க. வெறும் வயித்துல ஊசி போட்டா சில பேர் மயங்கிடுவாங்க, அதனால நோன்பு மாசத்துல கீழக்கரை பக்கம் ஆள் எடுக்குற வேலைய தள்ளி வெச்சிடுங்க.

இப்போ யாருக்கு எது

பிஎன்ஒய்எஸ் தங்கச்சி, உனக்கு ஊசி போட பயிற்சி இருக்கு, ஆளுங்களும் வருவாங்க, நீ ஈஈஜி முன்னும் பின்னும், போலி ஊசி குரூப்போட எடும்மா. உனக்கு மெஷின் தெரிஞ்ச கூட்டாளி ஒருத்தர்தான் குறை.

பிசியோ தம்பி, உனக்கு நரம்பு வேகம் பாக்கத் தெரியும்பா, வலை பின்னுறவங்க கை மரத்துப்போறதுல எஸ்எஸ்இபி எடுக்கிற அந்தக் கேள்வி உனக்குன்னே இருக்கு. ஊசி போட தகுதி உள்ளவர கூட சேர்த்துக்கோ, நீயே போடாத.

சைக்காலஜி படிக்கிறவங்க, ரிவ்யூ பண்ணுங்க, இல்ல எதிர்பார்ப்பு எப்படி மாத்துதுன்றத ஈஈஜி குழுவோட சேர்ந்து பாருங்க, அந்த தொடு சிகிச்சை விஷயம் உங்க துறைக்கே உரிய கேள்வி. எஃப்எம்ஆர்ஐ ஆசை விடலைன்னா பிஎச்டிக்கு வெச்சுக்கோங்க, இப்போ எடுக்கிற ஈஈஜி டேட்டாதான் அங்க கூட்டு கேக்கும்போது உங்க கைல இருக்கப்போற ஆதாரம்.

யாரா இருந்தாலும் எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் சிடிஆர்ஐ (இந்தியாவோட மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிவும் முதல் ஆள சேர்க்குறதுக்கு *முன்னாடியே* முடிஞ்சிருக்கணும், அப்புறமா பதியலாம்னு விட்டா நல்ல இதழ் எதுவும் எடுக்காது. ஒப்புதல் படிவம் நம்ம பேச்சுத் தமிழ்ல இருக்கட்டும், போலி ஊசி வர வாய்ப்பு இருக்குன்னும், இது வைத்தியம் இல்ல ஆராய்ச்சின்னும், சுகர் பிரஷர் மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னும் அதுல தெளிவா எழுதி வாசிச்சுக் காட்டுங்க. வர்ற தடைக்காலத்துல ஆள் எடுக்கணும்னா கமிட்டிக்கு பேப்பர் அக்டோபர், நவம்பர்லயே போயிடணும், திருத்தச் சொல்லி ஒரு தடவையாவது திரும்பி வரும், பொங்கலுக்குள்ள அனுமதி கைக்கு வந்தா பிப்ரவரி மார்ச்ல நாலஞ்சு பேர வெச்சு ஒத்திகை பாத்துட்டு ஏப்ரல் 15க்கு தயாரா நிக்கலாம்.